மணலியிலயே ரிஃபைனரி இருக்கு, அப்புறம் ஏன் நமக்கு டீசல் விலை எறங்கவே மாட்டேங்குது?

குட்டியானை_தண்டையார்பேட்டை (நவம்பர் 2025)

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். தண்டையார்பேட்டைல குட்டி யானை ஓட்றேன், மணலி, மாதவரம், ராயபுரம் லோடு. டெய்லி டேங்கர் லாரி பின்னாடியே ஊர்ந்துனு போறேன், சுத்தி எல்லா பக்கமும் எண்ணெய் கம்பெனி, அந்த வாடை மட்டும் ஓசில வருது, டீசல் 92 ரூபா சொச்சம்னு அசையாம நிக்குது. ரஷ்யாகிட்ட சீப்பா வாங்குறோம்னு மூணு வருஷமா நியூஸ்ல சொல்றான், ஒண்ணும் குறையல. இப்போ போன மாசம் ரோஸ்நெஃப்ட், லுகாயில்னு ரெண்டு ரஷ்யா எண்ணெய் கம்பெனி மேல அமெரிக்காக்காரன் தடை போட்டுட்டான், இனி ஏறும்னு சொல்றான். எறங்கும்போது வராதது ஏறும்போது மட்டும் எப்டி கரெக்டா வரும்? லோடு குடுக்குற ஒரு பார்ட்டி வருஷம் முழுக்க ஒரே ரேட் பேசுறான், அதான் கேக்குறேன். கட்சி சண்டை வேணாம், விஷயம் தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க.

ஷட்டவுன்_மணி

தல, பக்கத்துல ஆலை இருந்தா மிச்சமாகறது கொண்டாற வாடகை மட்டும் தான். குரூடு, அதாவது கச்சா எண்ணெய், ஹார்பர்ல பாரதி டாக்ல எறங்கி பைப்ல மணலிக்கு வருது. ஒரு பேரல்னா 159 லிட்டர், அது முழுக்க டீசலா வராது, கேஸ், நாப்தா, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், கடைசில தார் மாதிரி கெட்டி சரக்குனு எல்லாம் சேந்து தான் வரும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற வண்டி புகை கட்டுப்பாட்டு விதி வந்தப்புறம் டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்து 10க்கு எறக்கணும், அதுக்கு ஹைட்ரஜன் விட்டு ஓட்ற தனி யூனிட் இருக்கு. ஷட்டவுன்ல, அதாவது ஆலைய நிறுத்தி பராமரிக்கற டைம்ல, அந்த மாதிரி யூனிட்ல காண்ட்ராக்ட் வேலை பாத்திருக்கேன், ரியாக்டர் உள்ள நைட்ரஜன் தான் நிக்கும், பழைய கேட்டலிஸ்ட்ட (வினையூக்கி) வார்றதுக்கு எறங்குறவன் மூச்சுக்கு மேல இருந்து காத்து டியூப் விட்டுனு தான் எறங்குவான். செலவு இல்லாம இல்ல.

ஆனா உன் கேள்விக்கு பதில் அது இல்ல. ஆலை வாசல்ல விலை போடறது செலவ வச்சே கிடையாது. 2006ல ஒரு ஃபார்முலா கொண்டாந்தாங்க, வெளிநாட்ல இருந்து ரெடியான டீசல எறக்குமதி பண்ணா என்ன வெல ஆகும்ங்கறதுக்கு 80 பங்கு, நம்ம டீசல ஏத்துமதி பண்ணா என்ன கிடைக்கும்ங்கறதுக்கு 20 பங்கு. அதாவது மணலில காய்ச்சின டீசலுக்கும் கப்பல் ஏறி வந்த சரக்கோட ரேட் தான். ஆலைக்காரன் குரூட பத்து டாலர் கம்மியா வாங்கினான்னு வை, அது அவன் மார்ஜின்ல போய் உக்காரும், பங்க்குக்கு வராது.

கணக்கு_பாக்கலாம்

மேல சொன்னது சரி, ஆனா பாதி தான். குரூடு 65 டாலர், டாலர் 88 ரூபானு வச்சா ஒரு பேரல் 5,720 ரூபா, 159ஆல வகுத்தா லிட்டர் 36 ரூபா. மிச்சம் எங்க போச்சுன்னா, சென்ட்ரல் எக்சைஸ், அதாவது மத்திய அரசு வரி, 17.80. மாநில வாட் 11 சதவீதம், அது மேல லிட்டருக்கு 9.62, ரெண்டும் சேந்து அதுவும் 17, 18 கிட்ட வருது. 36க்கு 36 வரி! அப்புறம் ரிஃபைனிங், வாடகை, டீலர் கமிஷன்.

எறங்குறது ஏன் உங்ககிட்ட வரலன்னு கேட்டீங்களே, 2020 மே மாசம் பாருங்க. கொரோனால உலகம் பூரா எண்ணெய் வாங்க ஆள் இல்ல, அந்த நேரம் டீசல் எக்சைஸ ஒரே ராத்திரில 13 ரூபா ஏத்தினாங்க, தமிழ்நாடும் அதே மாசம் வாட்ட மாத்துச்சு. 2025 ஏப்ரல்லயும் எக்சைஸ் 2 ரூபா ஏறுச்சு, பங்க் ரேட் மாறல, ஏன்னா குரூடு எறங்கின லாபம் அதுல கழிஞ்சிடுச்சு. இதுல இன்னொரு கூத்து, அந்த 17.80ல 1.80 தான் பேசிக் வரி, மாநிலங்களுக்கு பங்கு அதுல மட்டும், மிச்சம் செஸ், சர்சார்ஜ்னு கூடுதல் வரியா டெல்லிலயே நின்னுடும்.

காகிதத்துல 2014ல இருந்து டீசலுக்கு விலை கட்டுப்பாடு கிடையாது, 2017 ஜூன்ல இருந்து தெனமும் மாறணும். ஆனா 2021 நவம்பர் தொடங்கி 2022 மார்ச் வரைக்கும் நாலு மாசத்துக்கு மேல அசையல, உ.பி. தேர்தல் முடிஞ்ச கையோட ஏறுச்சு. அந்த மார்ச்ல குரூடு 130 டாலர் தாண்டி போச்சு, அந்த வருஷம் கம்பெனிங்க நஷ்டத்த தாங்கினாங்க, அதுவும் உண்மை. அப்புறம் 2023-24ல மூணு அரசு எண்ணெய் கம்பெனியும் சேந்து கிட்டத்தட்ட 81,000 கோடி லாபம், நமக்கு தேர்தலுக்கு முன்னாடி 2 ரூபா குறைச்சாங்க.

காசிமேடு_போட்டு

வரிய எடுத்தா எவ்ளோ வித்தியாசம்னு எங்களுக்கு கண்ணால தெரியும்ணா. விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு, அளவு வச்சு தான் குடுப்பாங்க, அது தீந்துட்டா வெளிய பங்க்ல போட்டுனு கடலுக்கு போறதுக்குள்ள கை கடிக்கும்.

எல்லை_லாரி

ஆலை பக்கத்துல இருக்கறதுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லன்னு பாக்கணும்னா ஆந்திரா பார்டர்ல இருக்கற தடா போங்க. மணலில இருந்து ஒண்ணரை மணி நேர ஓட்டம் கூட இல்ல, ஆந்திரா வாட் ஜாஸ்திங்கறதால அந்த பக்கம் ரேட் எகிறுது. நாங்க கும்மிடிப்பூண்டி பக்கம் டேங்க ரொப்பிட்டு தான் பார்டர் தாண்டுவோம்.

பழைய_எம்ஆர்எல்

தடை விஷயத்துக்கு யாரும் வரலயே. நம்ம மணலி ஆலையே அதுக்கு உதாரணம். 1965ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ்னு ஆரம்பிச்சப்போ இந்திய அரசு, அமெரிக்காவோட அமோகோ, ஈரானோட தேசிய எண்ணெய் கம்பெனி மூணும் கூட்டு. ஈரான் பங்கு 15.4 சதவீதம் இன்னும் இருக்கு. ஆனா 2018 நவம்பர்ல அமெரிக்கா தடை மறுபடி வந்து, குடுத்த ஆறு மாச விலக்கும் 2019 மே மாசம் முடிஞ்சதும் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்கறத நிறுத்திடுச்சு. பங்குதாரர் இருக்கான், அவன் சரக்கு இல்ல.

தடைன்னா எண்ணெய் அப்டியே நின்னுடாது. கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது, பேங்க் டாலர் அனுப்ப பயப்படும், அதனால விக்கறவன் தள்ளுபடி குடுக்கறான். 2022க்கு முன்னாடி நம்ம எறக்குமதில ரஷ்யா 2 சதவீதம் கூட இல்ல, அப்புறம் மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. இப்போ அத விட்டுட்டு வளைகுடா, அமெரிக்கானு எல்லாரும் ஒரே கடைல போய் நின்னா உலக ரேட் ஏறும், டீசல் ரேட் குரூட விட வேகமா ஏறும். மணி சொன்ன ஃபார்முலா அந்த உலக ரேட்ட தான் பாக்குது. அதான் தம்பி, தள்ளுபடி உனக்கு தெரியாது, ஏத்தம் மட்டும் தெரியும்.

குட்டியானை_தண்டையார்பேட்டை

அப்போ அந்த வருஷ ரேட்டுக்கு ஒத்துக்கறதா வேணாமா?

எல்லை_லாரி

ஒத்துக்கோ, ஆனா டீசல் 92.50னு எழுதி, ரெண்டு ரூபாக்கு மேல ஏறினாலும் எறங்கினாலும் வாடகை மாறும்னு ஒரு வரி சேரு. உன் வண்டி நாளைக்கு 80 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 குடுத்தா 5 லிட்டர், 5 ரூபா ஏறினா 25 ரூபா. பார்ட்டி இதுக்கு பெருசா முறுக்க மாட்டான். வெயிட்டிங் சார்ஜ் பேசினியா, அதுல தான் அடிப்பானுங்க.