தேசியப் பண்பாட்டை வைத்து நிலைபேறான அபிவிருத்தியை விளக்க முடியுமா?

வந்தாறுமூலை மாணவி:
நிலைபேறான அபிவிருத்தி பற்றி ஓர் ஒப்படை எழுதிக்கொண்டிருக்கிறேன். நெதர்லாந்து ஆய்வாளர் ஹொப்ஸ்டீட் நாடுகளை ஒப்பிட வகுத்த தேசியப் பண்பாட்டுப் பரிமாணங்களின்படி அதிகார இடைவெளி (மேல்கீழ் ஏற்றத்தாழ்வை மக்கள் இயல்பென ஏற்கும் அளவு) குறைந்த பின்லாந்து, சுவீடன், டென்மார்க் ஆகியவையே ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் தரவரிசையிலும் முன்னணியில் உள்ளன. அப்படியாயின், பெரியவர் சொல்லுக்கு மறுபேச்சில்லை என்று வளர்ந்த எமது சமூகத்துக்கு அவ்விலக்குகள் எட்டாதவையா? கிழக்கிலிருந்து ஓர் உதாரணமும் வேண்டும்.

கல்லடி வாசகர்:
முதலில் அளவுகோலைச் சரிபாருங்கள். ஹொப்ஸ்டீட்டின் மூலத்தரவு 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் திரட்டப்பட்டது, எந்த நாட்டிலும் விவசாயியின் மனப்போக்கை அதிலிருந்து அறிய முடியாது. செல்வந்த நாடுகளில் அதிகார இடைவெளி பொதுவாகக் குறைவு என்பதால், பண்பாட்டின் விளைவாக நீங்கள் எழுதுவது வருமானத்தின் விளைவாகவும் இருக்கலாம். தம் நுகர்வினால் பிற நாடுகளுக்கு ஏற்படுத்தும் பாதிப்பைக் கணக்கிடும் தனிச்சுட்டியில் செல்வந்த நாடுகள் பின்தங்குவதையும் குறிப்பிடுங்கள்.

அம்பாறை, ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
மகள், இங்குள்ள கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையை எடுத்துக்கொள்ளுங்கள். மிக மோசமாகச் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டம் என்று பெயரெடுத்திருந்த அங்கே, அமெரிக்காவின் கொர்ணெல் பல்கலைக்கழகமும் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் இளம் அமைப்பாளர்களை வயல்வெளிக்கே அனுப்பி, ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோரைச் சிறு குழுக்களாக இணைத்தன. 1981இல் நீர்த்தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோதும், விவசாயிகள் சில வாரங்களுக்குள்ளேயே சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சத் தொடங்கினர். மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீர் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளின் வயல்களுக்கும் போனது. அந்த ஒரு போகத்துக்குள் நாட்டின் பண்பாடு மாறிவிடவில்லை. ஒருவரோடொருவர் கூடிப் பேசும் ஏற்பாடுதான் புதிதாக வந்தது.

உங்கள் அதிகார இடைவெளிக்கும் ஒரு பதில் உண்டு. எமது பழைய வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், நீர்ப்பங்கீட்டைக் கவனித்த வட்டவிதானையார் சொன்னபடியே மடை திறக்கப்பட்டது, வேலி அடைக்கப்பட்டது. அங்கே மேல்கீழ் இருந்தது, நீர்ப்பங்கீடும் நடந்தது. பெருநிலக்காரரான போடியாருக்குச் சற்று அதிகமாகவே பாய்ந்திருக்கும், அதை மறுக்கவில்லை.

காரைதீவிலிருந்து:
தங்கச்சி, தேசியம் என்ற சொல்லுக்குள் ஊர் வழக்கம் அடங்குமா என்பதையும் கேளுங்கள். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அங்கே குடிவைக்கும் வழக்கம் இக்கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. ஆனால் குடியேற்றத்திட்டக் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் (அடுத்துக் காணியைப் பெறுபவர்) பெயரிடப்படாதவிடத்து, பிள்ளைகளுள் மகனுக்கே முன்னுரிமை அளித்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே பால்நிலைச் சமத்துவம் என்ற 5ஆவது இலக்குக்கு இங்கே குறுக்கே நின்றது ஊர் வழக்கமா, அரசின் சட்டமா என்று பிரித்து எழுதுங்கள். சீதனத்துக்காகக் கடன்பட்ட குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். அதை மறைத்தால் விரிவுரையாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.