‘நீள மாற்றம்’ வேண்டாம், ‘அலகுபெயர்ப்பு’ ஆகுமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மீட்டரைச் சென்டிமீட்டராகவும் மில்லிமீட்டராகவும் எழுதுவதற்கு ‘நீள மாற்றம்’ என்ற சொல்லைப் போன மடலில் நம் குழு ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நேற்று வந்த வரைபடத்தில் ஒரு ஸ்லாபின் நீளம் 2750 மி.மீ. என்றிருந்தது. அளந்தவர் டேப்பைப் பார்த்து, கல்லின் ஓரத்தில் சாக்பீஸால் 275 செ.மீ. என்று குறித்தார். நான் பில்லில் 2.75 மீ. என்று எழுதினேன். மூன்று எண்கள், மூன்று அலகுகள். கல் இம்மியளவும் கூடவில்லை, குறையவில்லை.

நீளம் உண்மையிலேயே மாறுவதும் உண்டு. ஒரு மீட்டர் எஃகுக் கம்பியின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், கம்பி ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளும். ‘நீள மாற்றம்’ அதற்கு உரிய சொல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிக்கிற பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்?

‘அலகு மாற்றம்’ புழக்கத்தில் இருக்கிறது, பிழையும் இல்லை. ஆனால் மாறாமல் நிற்கும் ஒன்றை அது சுட்டவில்லை. ‘மொழிபெயர்ப்பு’ சுட்டுகிறது: மொழி வேறாகிறது, பொருள் அப்படியே நிற்கிறது. அதே அச்சில் ‘அலகுபெயர்ப்பு’ என்று சொல்லிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பில் ஒற்று மிகாதது போலவே இங்கும் மிக வேண்டியதில்லை. வினையும் இயல்பாக வருகிறது: ‘2.75 மீட்டரை மில்லிமீட்டரில் பெயர்த்து எழுதுக.’

பட்டறையில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பாறையைப் பெயர்ப்பதுதான் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது. குவாரி ஊரில் வேறெப்படி வரும்? “பெயர்த்து லாரியில் ஏற்றினாலும் அதே பாறைதானே” என்று அவரே சேர்த்துக்கொண்டபோது எனக்கு நம்பிக்கை கூடியது.

இன்னும் இடறுவது ‘மாற்றுக் காரணி’, அதாவது ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குப் போகப் பெருக்க வேண்டிய எண்ணுக்கான சொல். பள்ளிக் கணக்கில் காரணி என்றால் மீதியின்றி வகுக்கும் எண். 0.001-ஐக் காரணி என்றால் பிள்ளை திகைக்கும். ‘பெயர்ப்பெண்’ என்று புணர்த்தினால் கண் அதைப் ‘பெண்’ என்று பிரித்துப் படிக்கிறது, கைவிட்டேன். இப்போதைக்கு என் தெரிவு ‘பெருக்கெண்’. மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்குப் பெருக்கெண் 1000, திரும்பி வர 0.001.

பரப்பளவுக்கும் வைத்துச் சோதித்துச் சொல்லுங்கள். சதுர மீட்டரிலிருந்து சதுர சென்டிமீட்டருக்குப் பெருக்கெண் 10,000. அங்கே 100 என்று போட்டுவிட்டு முழிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.