இறக்கத்தில் பெற்றோல் நின்றால் இஞ்சினுக்குக் கெடுதியா?

கேள்வி (நுவரெலியா)
றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, கியரில் வைத்தே எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்திவிடுமாம். பெற்றோல் இல்லாமல் சுற்றினால் இஞ்சின் தேயாதா? நியூட்ரலில் விடுவது நல்லதா? வண்டி 1500 சிசி, இஞ்செக்டர், மெனுவல் கியர்.

பதில் (ஹட்டன்)
தேயாது. ஒயில் பம்பைச் சுற்றுவது கிராங்க் (இஞ்சினின் பிரதான தண்டு), அந்தக் கிராங்கை இறக்கத்தில் சில்லு சுற்றுகிறது. ஒயில் பிரஷர் அப்படியே இருக்கும். தண்ணீர் பம்பும் ஓடும், பிரேக் பூஸ்டருக்கு (பெடலை இலேசாக மிதிக்க உதவுவது) வேண்டிய வெக்குவமும் (காற்று உறிஞ்சலும்) குறையாது. இஞ்சின் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 1000 - 1500 வரை இறங்கியதும் இஞ்செக்டர் தானாகத் திறந்துவிடும். அப்போது வரும் சின்ன உதறலுக்குப் பயப்பட வேண்டாம். வண்டி ஓஃப் ஆகிவிடுகிறது என்றால் முதலில் த்ரொட்டில் பொடியில் (இஞ்சினுக்குள் காற்று போகும் வாயில்) கரி படிந்திருக்கிறதா பாருங்கள்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஐட்லிங்கில் பெற்றோல் எரிந்துகொண்டே இருக்கும், முழுப் பாரமும் பிரேக்கில் விழும். டொட் 3 பிரேக் ஒயில் புதிதில் 205 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் இழுத்தபின் 140 போதும். கொதித்தால் குமிழி வந்து பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். உண்மையான ஆபத்து வேறு: வேகமாகப் போகும்போது மூன்றிலிருந்து ஒன்றுக்குத் தட்டிவிடுவது. சுற்றுவது சில்லு என்பதால் பெற்றோலை நிறுத்தினாலும் சுற்று ஏறுவதைக் கம்ப்யூட்டரால் தடுக்க முடியாது. வால்வ் போய் பிஸ்டனில் அடிக்கும். முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு கியராக இறக்குங்கள்.

பதில் (பண்டாரவளை)
மேலே சொன்னது நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு. பழைய இரண்டு ஸ்ட்ரோக் த்ரீவீலில் ஒயில் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் த்ரொட்டிலை மூடியே வைத்தால் பிஸ்டன் காய்ந்து இறுகும். இடைக்கிடை கொஞ்சம் முறுக்கிக் கொடுக்க வேண்டும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கச் சாவியைத் திருப்பி ஓஃப் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பவர் ஸ்டீயரிங் போகும், சாவியைக் கழற்றினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தால் இரண்டு மூன்று மிதியில் பூஸ்டர் வெக்குவமும் தீர்ந்து பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

நீண்ட இறக்கத்துக்குப் பிறகு எக்சிலேட்டர் கொடுத்ததும் நீலப்புகை வந்தால் வால்வ் சீல் ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. பெற்றோல் நிற்பது அதற்குக் காரணமில்லை.

கேள்வி (நுவரெலியா)
நன்றி அண்ணே. வீட்டில் ஒரு ஹைபிரிட்டும் இருக்கிறது. அதற்கு?

பதில் (ஹட்டன்)
கியர் லீவரை 'B'யில் (இஞ்சின் பிரேக்குக்கான B, பார்க்கிங் P இல்லை) போட்டு இறக்குங்கள் தம்பி. பேட்டரி நிறைந்ததும் பெற்றோல் இல்லாமலே இஞ்சினைச் சுற்றவைத்து வண்டியைப் பிடிக்கும். சத்தம் திடீரென்று கூடும், அது பழுதில்லை.