டீன் ஐடில்ஸ்: ஓராண்டளவே இயங்கிய பள்ளி மாணவர்களின் பங்க் குழு

கேள்வி (இசைத்தேடி):
வாஷிங்டன் நகரத்துப் பங்க் இசையை, அதாவது வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் வகையை, பற்றிய பேச்சு எப்போதும் மைனர் த்ரெட் என்ற குழுவிலிருந்தே தொடங்குகிறது. அக்குழுவின் இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும் அதற்கு முன் டீன் ஐடில்ஸ் குழுவில் வாசித்தவர்கள் என்பதைப் பலரும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 1979இல் தோன்றி 1980 நவம்பரில் கலைந்த அந்தக் குழுவுக்கு வரலாற்றில் தனி இடம் உண்டா?

பதில் (வட்டத்தட்டு):
நிச்சயமாக உண்டு. பாடியவர் நேதன் ஸ்ட்ரெஜ்செக், கிதார் ஜியார்டி கிரிண்டில், பேஸ் மக்காய், டிரம்ஸ் நெல்சன். எல்லோரும் பதின்ம வயதினர். நிகழ்ச்சிகளில் கிடைத்த பணத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளாமல் பொதுவில் சேர்த்து வந்ததால், குழு கலைந்தபோது கையில் ஏறக்குறைய 600 டாலர் இருந்தது. அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிடுவதா, டான் ஸியன்டாராவின் இன்னர் இயர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவுசெய்து வைத்திருந்த பாடல்களை இசைத்தட்டாக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது இரண்டாவதையே தேர்ந்தார்கள். எட்டுப் பாடல்கள் கொண்ட 'மைனர் டிஸ்டர்பன்ஸ்' என்ற ஏழு அங்குலத் தட்டு முதலில் 1,000 பிரதிகள் வெளிவந்தது. உறை செய்யும் முறை தெரியாததால், பழைய தட்டு ஒன்றின் உறையைப் பிரித்து விரித்து அதன் அளவை எடுத்துக்கொண்டு, அச்சடித்த தாள்களைக் கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி, ஒவ்வோர் உறையையும் கையாலேயே ஒட்டினார்கள். அதுதான் டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு. மைனர் த்ரெட்டின் தட்டுகளும் பிறகு அந்த நிறுவனத்திலிருந்தே வந்தன.

பதில் (கிழக்குக்கரை):
கையில் போடும் எக்ஸ் குறியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1980 ஆகஸ்டில் இவர்கள் பேருந்தேறி நாட்டின் மறுகரையில் உள்ள கலிபோர்னியாவுக்குப் போனார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் அரங்கில், மது அருந்தும் வயதை எட்டாதவர்கள் என்று பரிமாறுபவர்கள் அடையாளம் காண்பதற்காக, இவர்களின் புறங்கைகளில் பெரிய கறுப்பு எக்ஸ் வரைந்த பிறகே உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் அதே ஏற்பாட்டை வாஷிங்டனின் 9:30 கிளப் என்ற இசை அரங்கில் எடுத்துச் சொல்லி, சிறுவர்களும் கச்சேரி கேட்க வழி செய்தார்கள். இசைத்தட்டின் முன்னட்டையிலும் எக்ஸ் வரைந்த கைகள்தான் இருக்கின்றன. குடியையும் போதைப்பொருளையும் மறுக்கும் இளைஞர்களின் சின்னமாக அக்குறி பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவியது. வயது குறைந்தவர்களை அடையாளப்படுத்த வந்த குறியை அவர்களே விரும்பி அணியத் தொடங்கியதைத்தான் நான் இக்குழுவின் பெரிய பங்களிப்பாக மதிக்கிறேன்.

பதில் (மூன்றுநரம்பு):
இருவரும் சொன்னவை சரியே. ஆயினும் பாடல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வருந்துகிறேன். 'டூ யங் டு ராக்' கேட்டுப் பாருங்கள். வயதைக் காரணம் காட்டி அரங்குகள் விரட்டிய கோபம் அதில் அப்படியே இருக்கிறது. மைனர் த்ரெட்டின் கட்டுக்கோப்பு இதில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வாசிக்கக் கற்றுக்கொண்டே வாசிப்பவர்களின் பதற்றமும் வேகமும் இங்கேதான் கிடைக்கின்றன.

இசைத்தேடி:
மூவருக்கும் நன்றி. அசல் தட்டு கிடைப்பது கடினமாயிற்றே, இப்போது எங்கே கேட்கலாம்?

வட்டத்தட்டு:
டிஸ்கார்டின் முதல் ஏழு அங்குலத் தட்டுகளைத் தொகுத்த '1981: தி இயர் இன் செவன் இன்ச்சஸ்' குறுந்தகட்டில் எட்டுப் பாடல்களும் உள்ளன. குழுவின் தொடக்ககாலப் பதிவுகளை அதே நிறுவனம் 1996இல் தனியாக வெளியிட்டது. முதலில் தொகுப்பைக் கேட்டுவிட்டு அதற்கு வாருங்கள்.