‘தோட்டியின் மகன்’ படிக்கும் மாணவர்களுக்குக் கேள்விகள் வேண்டும்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் வழியில் படிக்கும் மேல்நிலை மாணவர்களுக்குத் மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ நாவலை (மலையாளத்தில் 1947, தமிழாக்கம் சுந்தர ராமசாமி) வாசிக்கக் கொடுத்திருக்கிறோம். ஆலப்புழையில் மலம் அள்ளிய மூன்று தலைமுறையின் கதை: இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகனன்.

‘இதில் கற்ற பாடம் என்ன?’ என்று கேட்டால் பெரும்பாலோர் ‘உழைத்தால் உயரலாம்’ என்று எழுதுகிறார்கள். நாவலோ நேர் எதிர். சுடலைமுத்து வயிற்றைக் கட்டிக் காசு சேர்க்கிறான், மகனைப் படிக்க வைக்கப் பாடுபடுகிறான், தன் கூட்டத்தையே விட்டு விலகுகிறான். அப்படியும் மோகனன் தோட்டியாகத்தான் ஆகிறான். கேள்வி பொதுவாக இருப்பதால்தான் பதிலும் பொதுவாக வருகிறது. நாவலைத் திறக்காமலே எழுதிவிடலாம்.

அதனால் ஒரு பக்கக் குறிப்புக்கு இப்படி ஒரு வரிசை வைத்திருக்கிறோம். ஒரே ஒரு சம்பவம், பக்க எண்ணோடு, மூன்று வரிக்குள். அதில் வரும் பாத்திரம் அந்த முடிவை ஏன் எடுத்தது, வேறு வழி இருந்ததா, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு அரைப் பக்கம். பாடம் கடைசியில், ஒரே வாக்கியம். அதை மறுக்கும் இன்னொரு இடத்தையும் நாவலிலிருந்தே காட்ட வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான், ஆனால் இதை விட்டுவிடக் கூடாது.

ஆசிரியர்களே, வாசகர்களே, இரண்டு இடங்களுக்குக் கேள்விகள் தாருங்கள்: மகனுக்கு ‘மோகனன்’ என்று பெயர் வைப்பது, தொழிலாளர் சங்கத்துக்கு எதிராகச் சுடலைமுத்து நிற்பது. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், எனவே சம்பவத்தையும் குறிப்பிடுங்கள். மலையாள மூலம் வைத்திருப்பவர்கள் இந்த இரு பகுதிகளையும் ஒப்பிட்டுச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.