பொருள்: சென்டிபானுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ஸ்டாக்ஃபிஷ் பொறியை (சதுரங்க ஆட்டத்தைக் கணிக்கும் நிரல்) வைத்துப் பள்ளிச் சதுரங்க மன்றங்களுக்கான ஆய்வு மென்பொருள் ஒன்று தயாராகிறது. யார் முந்துகிறார் என்று காட்டும் மதிப்பீட்டுப் பட்டை, மாற்று வரிசைகள், இறுதியாட்ட அட்டவணை எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. சென்டிபான் மட்டும் இழுக்கிறது. அந்த முந்துதலை எண்ணாகச் சொல்லும் அளவை அது, ஒரு சிப்பாயின் மதிப்பில் நூற்றில் ஒரு பங்கு. 'நூற்றுச்சிப்பாய்' என்றால் நூறு சிப்பாய் என்று படிக்கிறார்கள்.

தமிழாசிரியர்:
'சிப்பாய்' பாரசீக வரவு. நால்வகைப் படையில் காலாள் இருக்க அது எதற்கு? பின்னத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 'காலாட்காணி' பொருந்தும். ளகரம் டகரமாகத் திரியும். யாரும் 'காலாள்காணி' என்று எழுதிவிட வேண்டாம்.

பயிற்சியாளர்:
ஐயா, எண்பது எப்படி நூறாகும்? திரையில் +0.25 வந்தால் 'கால் காலாள்' என்று படிக்க வேண்டியிருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதன்பின் பலகையைப் பார்க்கவே மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்து அன்பர்:
எங்கள் பக்கம் காணி என்றால் நிலம்தான். காலாளுக்கு யார் காணி உறுதி (நிலப்பத்திரம்) எழுதிக் கொடுத்தது என்று கேட்பார்கள்.

நிரலாளர்:
சிப்பாயா காலாளா என்ற சண்டைக்கே இடமில்லை. 2022இல் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்பது ஒரு சிப்பாய் கூடுதல் என்று பொருள்படாது. பொறி தன்னோடு தானே ஆடினால் அந்த நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்றே பொருள். பெயரில் மட்டும் சிப்பாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணையே எடுத்துவிட்டுப் பட்டையை மட்டும் காட்டினால் என்ன?

பயிற்சியாளர்:
அது ஆகாது. +0.3 தரும் நகர்த்தலுக்கும் +0.6 தருவதற்கும் உள்ள வேறுபாடு பட்டையில் ஒரு மயிரிழை. தொடக்க ஆட்டத்தை ஆராயும் மாணவருக்கு அந்த மயிரிழைதான் வேண்டும். புதியவர்களுக்கு எண்ணை மறைத்து வையுங்கள், அமைப்புகளில் திறந்துகொள்ளட்டும். 'புள்ளி' போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
வெற்றிக்கு 1, சமநிலைக்கு ½ என்று போட்டியில் தருவதும் புள்ளிதானே அண்ணா. 'மதிப்பெண்' என்றால் தேர்வுத்தாள் நினைவு வந்து எதிர்மறை எண்ணைக் கண்டு அழுவார்கள். 'நிலைமதிப்பு' என்று போடுகிறேன். நூற்றில் ஒரு பங்கு என்ற பொருள் அதில் இல்லைதான். திரையில் எப்படியும் தசமமாகத்தான் வருகிறது.

நிரலாளர்:
சரி. பொத்தானிலும் அடங்குகிறது.

யாழ்ப்பாணத்து அன்பர்:
எனக்கும் சம்மதம், களைத்துவிட்டேன்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அளவையின் பெயரைக் கேட்டால் அளக்கப்படும் பொருளின் பெயரைத் தருகிறீர்கள். இது எடையைக் கேட்டவனிடம் அரிசி என்பதுபோல. காயைப் பலிகொடுக்கும் நகர்த்தலுக்காவது என் சொல்லை ஏற்க வேண்டும்: 'வழுவமைதி'. வழுவாகத் தோன்றும், ஆனால் காரணத்தால் ஏற்கப்படும். நன்னூல் படித்தவர் மறுக்க முடியாது.

பயிற்சியாளர்:
நன்னூல் படிக்காத முப்பது பேர் என் வகுப்பில் இருக்கிறார்கள், ஐயா.