‘டூட்டி சைக்கிள்’: தமிழ்ல என்ன போட? (வியாழன் அச்சுக்குப் போவுது)

தக்கலை வாத்தியார்:
ஐடிஐ பசங்களுக்கு கார் வயரிங் குறிப்பு தமிழ்ல எழுதுதேன், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் கொறைச்சா பைய மங்கும். எல்இடி அப்படி இல்ல, வோல்ட்டேஜ் கொஞ்சம் எறங்கினாலே கரண்ட் சடார்னு விழுந்துரும். கரண்டை மட்டும் கொறைச்சும் பாக்கலாம், நிறம் லேசா மாறும். அதனால முழு கரண்டும் குடுத்து செகண்டுக்கு 200 தடவை, சிலதுல அதுக்கும் மேல, போட்டுப் போட்டு அணைக்காவ, கண்ணுக்கு மங்கலா எரியுத மாதிரி தெரியும். ஒரு சுற்றுல எத்தனை பங்கு நேரம் எரியுதோ அதான் டூட்டி சைக்கிள். சில வண்டில பின்னால ஒரே எல்இடிதான், டெயில் லைட்டுக்கு 10 சதவீதம்னா பிரேக் மிதிச்சா 100. ‘பணிச்சுழற்சி’ன்னு போட்டா ஷிப்டு மாத்துறதுன்னு நினைப்பானுவ.

நாகர்கோவில் டீச்சர்:
எரிபங்கு. வினைத்தொகை, மூணு காலமும் அடங்கும், நடுவுல ‘ப்’ போட்டுராதீங்க. டிம்மிங்குக்கும் ‘பைய’ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, குறள் 1098-லயே ‘பைய நகும்’னு கிடக்கு, ‘பையொளி’ன்னு வைக்கலாமே?

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
பையொளியா, பைக்குள்ள டார்ச்சு அடிச்ச மாதிரில்லா இருக்கு டீச்சர். டிம்முங்கதை மொதல்ல பிரிச்சு எழுதுங்க. களியக்காவிளை ரோட்டுல ‘டிம் அடிலே’ன்னா லோ பீமுக்கு தாழ்த்தச் சொல்லுதது, பவரைக் கொறைக்கது இல்ல. எல்இடில போடும் கெடுக்கும், போடும் கெடுக்கும் (கெடுக்கதுன்னா அணைக்கது), போன் கேமராவுல டெயில் லைட்டைப் புடிச்சா விட்டு விட்டு எரியது தெரியும், அதைக் காட்டிட்டு டூட்டின்னு சொன்னா பய புரிஞ்சுக்கிடுவான்.

குளச்சல், இப்ப துபாய்:
எரிபங்கு லைட்டுக்குச் சரி. ஏசி ப்ளோயர் மோட்டாருக்கும் இதே டூட்டி சைக்கிள்தான் வரும், ‘மோட்டார் எரிபங்கு 60’ன்னா மோட்டார் எரிஞ்சு போச்சுன்னுல்லா படிப்பான்? இயக்கவிகிதம்னு போடுங்க.

நாகர்கோவில் டீச்சர்:
விகிதம் வடசொல். தொல்காப்பியத்தைக் கேட்டு சரிபாத்த ஆசான் அதங்கோட்டுக்காரர், அந்த மாவட்டத்துல இருந்துக்கிட்டு இதை ஒத்துக்கிடவா? பகு, பகுதி, பங்கு எல்லாம் ஒரே வேர். பாகமும் நம்ம சரக்குதான்னு சொல்லுதவங்க உண்டு, அதுக்கு ஒரு கட்டுரையே

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
டீச்சர் பாகம் அடுத்த மாசம்.

தக்கலை வாத்தியார்:
ரெண்டையும் ஒட்டி ‘இயங்குபங்கு’ன்னு போடுதேன், மொத தடவை வாற இடத்துல பக்கத்துல டூட்டி சைக்கிள்னும் இருக்கும். மறுப்பு இருந்தா ராத்திரிக்குள்ள சொல்லிருங்க.

குளச்சல், இப்ப துபாய்:
சரி, போடுங்க. டிம்மிங்குக்கு ‘மங்கவைத்தல்’ போதும்.

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்:
நாங்க டூட்டின்னுதான் சொல்லுவோம்.

நாகர்கோவில் டீச்சர்:
என் மறுப்பைப் பதிஞ்சுக்கிடுங்க. விளக்குப் பாடத்துலயாவது எரிபங்கு இருக்கணும்.